இருபதில் நிறுத்து

எப்போதாவது தலைகாட்டும் தம்பி, அப்பாவின் கட்டிலில் லேப்டாப்பை விரித்திருக்கிறான். பிஸ்கட் தூள் ஒட்டிய விரலால் திரையைத் தடவுகிறான். உள்ளே விசிறி இரைகிறது. அவனும் அப்பாவும் ஆடும் ஆட்டத்தில் பகடையை உருட்டி உருட்டி எண்ணிக்கை சேர்க்கலாம்; போதுமென்று நிறுத்தினால் அது கணக்கில் ஏறும். ஒன்று விழுந்தால் அந்த முறை சேர்த்ததெல்லாம் போச்சு. நூறைத் தொட்டவருக்கு வெற்றி. "பத்து லட்சம் ஆட்டம் இதுல ஓடவிட்டுப் பாத்துட்டேன்ப்பா, இருபதுல நிறுத்தணும்," என்கிறான். அப்பா நிறுத்துவதேயில்லை. ஜன்னல் வெயிலில் பகடையை உள்ளங்கையில் குலுக்கிக்கொண்டே இருக்கிறார், ஒன்று விழுந்தால் சிரிக்கிறார். தம்பி நூறைத் தொட்டதும் லேப்டாப்பைப் பட்டென்று மூடுகிறான். கருமம், பெற்றவரை ஜெயிக்க இத்தனை கணக்கு.

"இன்னொரு ஆட்டம் போடலாமாடா?" என்கிறார் அப்பா.

"எதுக்குப்பா? உங்களுக்கும் சேத்து இதுவே ஆடிடுச்சு."

அப்பா பகடையைக் கீழே வைக்கவில்லை. "அதுலயாவது எங்கூட பத்து லட்சம் தடவ உக்காந்திருக்கியே."