ஒரு நாள் ஓய்வு

கதவைத் திறந்தாள். புகை வரவில்லை.

எப்போது திறந்தாலும் டீப் ஃப்ரீஸரிலிருந்து குளிர்ப்புகை குபுகுபுவென்று பாதத்தில் இறங்கும். இன்று ஒரு கெட்ட வாடைதான் வந்தது.

கையை உள்ளே விட்டாள். தண்ணீர்.

ஐயோ.

பெட்டிகள் ஊறிச் சரிந்து கிடந்தன. ஒரு குப்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கல்லாக உறைந்திருக்க வேண்டிய ரத்தநீர் கலங்கித் தளும்பியது.

இன்னொன்று. அதுவும்.

எல்லாமே போச்சு.

மூன்று கோடைகள். உப்பளத்துப் பெண்களின் ரத்தம். வெயிலில் வற்றி வற்றி அவர்களுடைய சிறுநீரகம் கெடுகிறதா என்று பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. வலியும் வீக்கமும் முற்றுவதற்கு முன்பே ரத்தம் சொல்லிவிடும். ஒவ்வொரு சித்திரையிலும் அதே பெண்கள், அதே கைகள். மடியில் ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு, கண் அசராமல், பஸ்ஸில் கொண்டுவந்தவை.

மூன்று வருஷ ரத்தத்தையும் ஒரே சோதனைக் கிட்டில் சோதித்தால்தான் ஒப்பிட முடியும். அந்தக் கிட் வாங்கும் ஃபைல் நிர்வாகக் கட்டடத்தில் எந்த மேஜையில் தூங்கியதோ, யாருக்குத் தெரியும். எழுந்து வந்தது போன வாரம்தான்.

பூஜை முடியட்டும், ஆரம்பிக்கலாம் என்றிருந்தாள்.

ஆயுத பூஜையை விடுமுறைக்கு முதல் நாளே லேபில் கொண்டாடிவிட்டார்கள். மைக்ராஸ்கோப்பையும் தராசையும் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தவள் அவள்தான். மேஜைமேல் அன்றைய பொரி இன்னும் கிடந்தது. நமுத்துப்போயிருந்தது.

எல்லா மெஷினையும் அணைத்துவிட்டு, ஜூனியர்களிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் ஊருக்குப் பஸ் ஏறினாள். ஃப்ரீஸர் பக்கம் மட்டும் போகாதீங்க.

கைடு சிதம்பரநாதன் சாரிடம் மட்டும் சொல்லவில்லை. ஒரு பேராசிரியரிடம் போய் அதைச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

சுவிட்சைப் பார்த்தாள்.

அணைந்திருந்தது. அதன்மேல் திருநீறு. மூன்று விரலால் அழுத்தி இழுத்த பட்டை.

அந்த லேபில் திருநீற்றைப் பட்டையாகப் போடுகிறவர் ஒருவர்தான்.

அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அதையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

சிதம்பரநாதன் சார் வழக்கம்போல் பத்து மணிக்கு வந்தார். நெற்றியில் அதே மூன்று பட்டை. லேபுக்குள் அவர் கால் வைப்பதே பூஜைக்கும் இன்ஸ்பெக்‌ஷனுக்கும்தான். இன்று அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

திறந்த ஃப்ரீஸரைப் பார்த்தார். தரையில் தண்ணீரைப் பார்த்தார். சுவிட்சைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.



"எல்லாம் ஓய்வா இருந்துச்சு, இது மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சும்மா. இதுக்கும் ஒரு நாள் ஓய்வு குடுப்போமேன்னு... விஜயதசமி அன்னைக்கு வந்து போட்டுடலாம்னு நெனச்சேன். வீட்ல விருந்தாளிங்க. மறந்தே போச்சு."

பாவமாகத்தான் இருந்தார். அது இன்னும் மோசமாக இருந்தது. திட்டியிருந்தால் தேவலை.

"மறுபடி போய் எடுக்கிறேன் சார்."

"எடுத்தா இந்த வருஷ ரத்தம் கிடைக்கும். முந்தின ரெண்டு வருஷத்துக்கு எங்கம்மா போவ?"

அவள் சரிந்த ஒரு பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"டிசம்பர்ல நான் ரிட்டயர்டு. அதுக்கப்புறம் உன்னை யாரு எடுத்துக்குவா? இவ்வளவு வருஷமா பார்க்கிற, நம்பர் எப்படி வரும்னு உனக்கே தெரியும்." குரலைத் தாழ்த்தினார். "எல்லாம் முன்னாடியே சோதிச்சாச்சுன்னு வச்சுக்கோ. டேபிளை நிரப்பிடு. ரத்தம் எடுக்க மறுபடி அங்க போகாத. ஏன் எதுக்குன்னு கேள்வி வரும்."

வாசலில் ஒரு நிமிஷம் நின்றார்.

"பசங்க வர்றதுக்குள்ள இதெல்லாம் சுத்தம் பண்ணிடும்மா."

போய்விட்டார்.

அவள் பெட்டிகளை அள்ளிக் கழிவுப் பையில் போட்டாள். தரையைத் துடைத்தாள். ஒரு குப்பி மட்டும் மேஜைக்கடியில் உருண்டு கிடந்தது. லேபிளில் அவளுடைய கையெழுத்தில் ஓர் உப்பளத்துப் பெண்ணின் பெயர். முத்துப்பேச்சி.

ஊசி குத்தும்போது பார்க்கவே மாட்டாள். முகத்தைத் திருப்பி உப்புக் குவியலைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டுவாள். போன சித்திரையில் கணுக்கால் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, மேலெழும்ப நேரமாயிற்று. பெரியாஸ்பத்திரியில் காட்டுங்கக்கா என்றதற்கு, உன் சோதனை என்ன சொல்லுதுன்னு பார்த்துட்டுப் போறேன் தாயி என்றுவிட்டாள்.

போன வாரம் கிட் வந்ததும் இவள்தான் ஃபோன் செய்து, பூஜை முடிந்ததும் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

குப்பியையும் பையில் போட்டாள்.

கம்ப்யூட்டரைத் திறந்தாள். டேபிளின் முதல் வரிசையிலேயே அதே பெயர். மூன்று கட்டங்கள் காலியாக இருந்தன.

கூட்டிப் போட்டால் சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்றாகும், மேலும் கேள்வி வரும். குறைத்துப் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

குறைத்தே போட்டாள்.

ஃபோன் அடித்தது.

"தாயி, முத்துப்பேச்சி பேசுதேன். பூசை கழிச்சு சொல்லுதேன்னியே. ரத்தத்துல என்ன சொல்லுது?"

வெளியே வராந்தாவில் ஜூனியர்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஈரத்துணியை எடுத்தாள்.

"ஒண்ணும் இல்லக்கா. நல்லாத்தான் இருக்கு."

"அப்பாடா! அந்த ஆண்டவன் உன்னை நல்லா வைக்கணும். இந்தக் காலு வீக்கத்துக்கு நான் என்னமோ ஏதோன்னு பயந்து, ரெண்டு வாரமா வேலைக்குப் போகல தாயி. அப்போ நாளையிலருந்து உப்பளத்துக்குப் போலாம்லா?"

சுவிட்சின்மேல் திருநீறு காய்ந்து ஒட்டியிருந்தது. இரண்டு முறை துடைத்தும் ஓரத்தில் போகவில்லை. நகத்தால் சுரண்டினாள்.

"போங்கக்கா," என்றாள்.