ஆமினா பூட்டிய கேட்

ஷாமினி கையை ஆட்டியதுதான் தாமதம், பக்கத்து வீட்டு ஆமினா ஓடிவந்து கேட்டை இழுத்துச் சாத்தினாள். பூட்டும் போட்டாள்.

“ஆன்டி, நூருல் ஆயர் தாவார்லேருந்து வந்துட்டாளா? இன்னிக்கு என் பர்த்டே.”

“அவ வரமாட்டாம்மா. நீ உள்ள போ.”

தலையை மூடியிருந்த துடோங் துணியின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆமினா வீட்டுக்குள் போய்விட்டாள்.

ஷாமினியின் அம்மா தினேஸ்வரி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் இவங்களுமா?

எட்டு வயதுப் பிள்ளை ஷாமினி. போன வருஷம் ஒரு தொண்டை வலி, லேசான காய்ச்சல். அது விட்ட மறுநாள் மகள் வேறு யாரோ ஆகிப்போனாள். தோல் உரியும்வரை கை கழுவினாள். சோறு தொண்டையில் சிக்கிச் செத்துப்போவேன் என்று தட்டைத் தள்ளினாள். கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தாள். திடீரென்று தாமான் குடியிருப்பு முழுக்கக் கேட்கும்படி அலறினாள்.

ஆளுக்கொன்று சொன்னார்கள்.

“செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீங்க.”

“எந்நேரமும் போன் பாத்தா இப்படித்தான் லா.”

ரப்பர்த் தோட்டத்திலிருந்து மாமியார் கறுப்புக் கயிறு மந்திரித்துக் கொண்டுவந்து கட்டினார்.

எங்கெங்கோ அலைந்து, கடைசியில் ஈப்போவில் ஒரு டாக்டர்தான் விளக்கினார். “கிருமியோட சண்டை போடவேண்டிய எதிர்ப்புச் சக்தி, குழம்பிப்போய் பிள்ளையோட மூளையைத் தாக்குது. இப்படி ஒரு நோய் இருக்குன்னே நிறைய பேருக்குத் தெரியாது. உங்க வளர்ப்புல ஒரு தப்பும் இல்லம்மா.”

மருந்து கேட்டது. பழைய ஷாமினி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தாள். தினேஸ்வரிதான் திரும்பவில்லை. யாராவது தும்மினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். மகள் கண்ணைக் கசக்கினால்கூட ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். பல மாதம் பிள்ளையை வெளியே விடவே இல்லை. இந்தப் பிறந்தநாளுக்குத்தான் மனசைத் திடப்படுத்திக்கொண்டு நாலு பிள்ளைகளைக் கூப்பிட்டிருந்தாள்.

பக்கத்து வீட்டில் ஆமினாவின் மகள் நூருல் அழுவது கேட்டது. “உம்மா, நான் ஷாமினி வீட்டுக்குப் போகணும்!”

“அந்தப் பக்கமே போகக்கூடாதுன்னு சொன்னேன்ல?”

அது ஆமினாவின் குரல்.

தினேஸ்வரி கணவனுக்குப் போன் போட்டாள். ஜெயபாலனுக்கு தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வேலை.

“விடு லா தினேசு. அவங்களும் பிள்ள வச்சிருக்காங்க. பயம் இருக்கும்ல?”

“நம்ம பிள்ளைக்கு என்ன, ஒட்டுற நோயா?”

போனை வைத்தாள். உட்கார முடியவில்லை. கேக்கைக் குளிர்பெட்டியில் வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள். பிறகு விறுவிறுவென்று போய் பக்கத்து வீட்டுக் கேட்டைப் பிடித்து உலுக்கினாள்.

“ஆமினாக்கா! வெளிய வாங்க!”

இரும்புக் கம்பிக் கதவுக்குப் பின்னால் ஆமினாவின் முகம் தெரிந்தது.

“கிட்ட வராத தினேசு. அங்கயே நில்லு.”

அவ்வளவுதான்.

“என் பிள்ள என்ன பேயா? கேட்டப் பூட்டுறீங்க, வாயப் பொத்துறீங்க! போன வருஷம் அவ அலறுனப்ப நீங்க மட்டும்தான் கஞ்சி வச்சுக் கொண்டாந்தீங்க. அதெல்லாம் நடிப்பா?”

எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“உங்க பிள்ளைக்கு வந்தாத்தான் உங்களுக்குத் தெரியும்!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தினேஸ்வரிக்கே உறைத்தது. ஆமினாவின் கண் கலங்கியது. மெல்லக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரும்பினால், வாசலில் ஷாமினி.

“அம்மா, எனக்கு இன்னும் சரியாகலையா? அதான் நூருல் வரலையா?”

“இல்லடா தங்கம். நீ நல்லாத்தான் இருக்க.” தினேஸ்வரி மகளைக் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் பிள்ளைகள் வந்தார்கள். கேக் வெட்டினார்கள். முகத்தில் கிரீமை அப்பிக்கொண்டு வீடு முழுக்க ஓடினார்கள். ஷாமினி விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! ஆனாலும் தினேஸ்வரியின் பார்வை பக்கத்து வீட்டு ஜன்னலுக்கே போய்ப் போய் வந்தது.

எல்லாரும் கிளம்பிய பிறகு ஆமினாவின் கணவர் மீரா சாஹிப் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வாசலுக்கு வராமல் ரோட்டின் அந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

“தங்கச்சி, ஒரு நிமிஷம். கிட்ட வரவேண்டாம், அங்கேருந்தே கேளுங்க.”

“நீங்களுமா அண்ணே?”

“நூருல் ஆயர் தாவார்லேருந்து வரும்போதே காய்ச்சல். கிளினிக்ல காட்டுனோம். தொண்டையில கிருமியாம், ஷாமினிக்கு முதல்ல வந்துச்சே, அதேதான். இப்ப ஆமினாவுக்கும் ஒட்டிக்கிச்சு. அந்தக் கிருமி திரும்ப வந்தா ஷாமினிக்குப் பழையபடி ஆயிரும்னு டாக்டர் சொன்னதா நீங்கதானே அவகிட்ட சொன்னீங்க?”

தினேஸ்வரி பூட்டிக் கிடந்த பக்கத்து வீட்டுக் கேட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

“நான் அப்படிப் பேசுனேனே அண்ணே... ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“நானும் அதத்தான் கேட்டேன். ‘சொன்னா தினேசு பயந்துபோய் கேக் வெட்டுறதையே நிறுத்திட்டு பிள்ளைய மறுபடியும் உள்ள பூட்டி வச்சிரும், இன்னிக்கு ஒரு நாளாவது அது ஓடி விளையாடட்டும், திட்டு நான் வாங்கிக்கிறேன்’னு சொன்னா.”