சால்வையில் பல் தடம்

"இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்டபடி குடியிருப்புச் சங்கச் செயலாளர் தன் வீட்டு மேஜைமேல் சால்வையை விரித்துப் போட்டார். அதன் ஓரத்தில் ஐந்தாறு ஓட்டைகள். எல்லாம் நாயின் பல் பட்டுக் கிழிந்தவை.

எதிரே உட்கார்ந்திருந்த வக்கீலம்மா சால்வையைப் பார்த்தார். பிறகு காலடியில் படுத்திருந்த மூக்கனைப் பார்த்தார். மேல்மாடியில் தனியாக இருக்கும் அவருக்கு அந்த நாய்தான் துணை. கோர்ட்டில் எதிராளியைத் தண்ணீர் குடிக்க வைப்பவர் என்று பெயரெடுத்தவர் அவர்.

"என் மனைவியோட சால்வை இது. மறந்துட்டுப் போன ஃபைலை எடுக்க இன்னிக்கு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். உங்க நாய் இதைக் கவ்விக்கிட்டு அவளை வாசல் வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போகுது."

"மூக்கன் கடிக்க மாட்டான் சார். அவனைப் பழக்கறேன்."

"எதுக்குப் பழக்கறீங்க?"

"நீங்கதானே நோட்டீஸ் ஒட்டினீங்க? ஆபத்து வந்தா என்ன செய்யணும்னு வீட்ல வளக்கற பிராணிங்களை இப்பவே பழக்கி வைங்கன்னு."

உண்மைதான். பக்கத்துத் தெருவில் ஒரு கட்டடம் தீப்பிடித்ததிலிருந்து செயலாளருக்கு அதே நினைப்பு. நாயாய் அலைந்து குடியிருப்புக்கு ஒரு சைரன் வாங்கிப் பொருத்தினார். பூனைக்குக் கூடை எடுத்து வையுங்கள், நாய்க்குக் கழுத்துப்பட்டையும் மருந்தும் வாசலிலேயே மாட்டி வையுங்கள் என்று வீடு வீடாக ஏறி இறங்கியவரும் அவர்தான்.

அப்படிப்பட்டவருக்கு ஒத்திகை அன்று மானம் போயிற்று. சைரன் அலறியதும் எல்லா வீட்டுக்காரர்களும் வாசலுக்கு வந்து நின்றார்கள். கூண்டோடு கிளிகூட வந்துவிட்டது. செயலாளரின் மனைவியை மட்டும் காணவில்லை.

"சார் பேச்சு சார் வீட்லயே எடுபடாது போல" என்று யாரோ சொல்ல, கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரிக்காமல் மாடிக்குத் திரும்பிப் போய் அவளை அழைத்து வந்தது வக்கீலம்மாதான்.

அன்று மாலை அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார் செயலாளர். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "வேலையா இருந்துட்டேங்க" என்று மட்டும் சொன்னாள். கொஞ்ச காலமாகவே தன்மேல் அவளுக்கு அலட்சியம் என்பது அவருடைய எண்ணம்.

"நாயை உங்களோட கீழே இறங்கத்தான் பழக்கச் சொன்னேன். என் வீட்டுக்குள்ள நுழையப் பழக்கச் சொல்லலை" என்றார் இப்போது. "ஒரு வாரம் தர்றேன். வேற இடம் பாத்து அனுப்பிடுங்க. இல்லேன்னா விஷயம் சங்கத்துக்குப் போகும்."

வக்கீலம்மா மூக்கனின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். "அனுப்பிடறேன் சார்."

வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த செயலாளருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "அவ்வளவுதானா? உங்க பக்கம் நியாயம்னு ஒண்ணுமே இல்லையா?"

"இருக்கு. ஆனா சொல்ல மாட்டேன்னு ஒருத்தங்களுக்கு வாக்குக் கொடுத்துட்டேன்." அவர் பார்வை சமையலறைப் பக்கம் போய்த் திரும்பியது.

அங்கே செயலாளரின் மனைவி இவர்களுக்கு முதுகைக் காட்டியபடி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "இங்க வா. இந்த நாய் உனக்குத் தொந்தரவா இல்லையான்னு நீயே சொல்லு" என்றார் செயலாளர். அவள் வரவில்லை.

"உன்னைத்தான்" என்று குரலை உயர்த்தினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் மனுஷி முன்னால் இப்படியா? செயலாளரின் முகம் சிறுத்துப் போயிற்று. "பாத்தீங்கல்ல? ஊருக்கெல்லாம் சொல்றேன், கட்டினவகிட்ட எனக்கு இருக்கற மரியாதை இதுதான்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

வக்கீலம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "நான் வாயால ஒண்ணும் சொல்லப் போறதில்லை சார்" என்றவர், கைப்பையிலிருந்து போனை எடுத்து மேஜைமேல் வைத்துத் தட்டினார்.

குடியிருப்பின் அதே சைரன். ஒத்திகை அன்று பதிவு செய்து வைத்திருக்கிறார். முழுச் சத்தத்தில் அது அலற, செயலாளர் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். சமையலறையில் கத்தி நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மூக்கன் துள்ளி எழுந்தது. நேரே அவளிடம் ஓடி, உடையின் ஓரத்தைக் கவ்வி இழுத்தது. அவள் சட்டென்று கத்தியைப் போட்டாள், அடுப்பை அணைத்தாள், சாவியை எடுத்துக்கொண்டு நாயின் பின்னாலேயே வேகமாக வந்தாள்.

செயலாளரின் கைகள் காதிலிருந்து தாமாக இறங்கின. இத்தனை நாளும் அவளைத் திட்டிய திட்டெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வர, நிமிர்ந்து அவளைப் பார்க்கவே கூசியது. மேஜைமேல் கிடந்த சால்வையைச் சுருட்டி மடிக்குள் வைத்துக்கொண்டார்.

போன் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. அவள் அவர் முன்னால் வந்து நின்று, பதற்றத்தோடு அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"என்னங்க, சைரன் அடிக்குதா?"