பூங்காவுக்கு ஒரு பங்கு

ஐயாதுரை வீட்டுக்குள் நுழையும்போதே தலையில் பஞ்சு இருந்தது. புருவத்தில் ஒரு துணுக்கு, காதோரம் இன்னொன்று. நூல் மில்லில் ஷிப்டு முடிந்து வரும் எவருக்கும் இருப்பதுதான்.

"செத்த குனிங்க" என்றாள் ஜெயபாய்.

குனிந்தான். பேண்டேஜ் கம்பெனியில் பகலெல்லாம் பஞ்சு சுற்றும் விரல்களால் அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. மில் பஞ்சில் இருக்கும் தூசி துரும்பு ஒன்றுகூட இல்லை. உருட்டி வாசலில் போட்டுவிட்டு வந்து சோறு வைத்தாள்.

"இன்னைக்கு நூலு அறுந்துக்கிட்டே இருந்துச்சு. உக்கார நேரமில்ல" என்றான்.

"சாப்பிடுங்க."

"வீட்டு வரி நோட்டீசு வந்துச்சா?"

"வந்துச்சு. போன தடவைக்கு ரெண்டு மடங்கு போட்டிருக்காவ."

"ஓவர்டைம் பாத்தாத்தான் கட்ட முடியும். மேஸ்திரிகிட்டச் சொல்லி வைக்கணும்."

அவள் ரசத்தை ஊற்றினாள். ராஜபாளையத்தில் வீட்டுக்கு வீடு அந்த மாதம் இதே பேச்சுதான்.

"கம்பெனியில சுடலைமாடத்தி ஒண்ணு சொன்னா" என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "என்னவாம்?"

"அவ ஊர்லயும் இதே கதைதானாம். சீவில்லிபுத்தூர்ல. வரியையும் ஏத்திட்டு, அவ தெருப் பார்க்கையும் பூட்டப் போறாவளாம். ஞாயித்துக்கிழமை கூட்டம் போடுதாவ."

"எப்பம் பூட்டுதாவ?"

"ஒண்ணாந்தேதி."

"ம்" என்றான். மோருக்குக் காத்திராமல் எழுந்து கை கழுவினான்.

ஞாயிறன்று சர்ச்சுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஜெயபாய் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினாள்.

அது பெரிய பூங்கா இல்லை. சில சிமெண்டு பெஞ்சுகள், ஒரு புங்கமரம், துருப்பிடித்த சறுக்கு, தண்ணீர் வராத நீரூற்று. தெருக்காரர்கள் பெஞ்சுகளிலும் புல்தரையிலும் உட்கார்ந்திருந்தார்கள். வாட்ச்மேன் மலைச்சாமி ரப்பர் குழாயைக் கையில் பிடித்தபடி, யாரையும் பார்க்காமல் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

கவுன்சிலர் வைகுண்டராஜ் தொண்டையைச் செருமினார். "நகராட்சியில காசு இல்லங்காவ. வாட்ச்மேன் சம்பளம், மோட்டாருக்குக் கரண்டு பில்லு எதுவும் இனிமே தரமாட்டாவளாம். வீட்டுக்கு மாசம் அஞ்சு ரூவா பங்கு போட்டா நாமளே நடத்திக்கிடலாம். இல்லன்னா கேட்டுக்குப் பூட்டுதான்."

"பத்து வருசம் கழிச்சு தொண்ணூத்தாறுல எலெக்சன் வச்சாவ. வந்ததும் வரிய ஏத்துனியள். அந்தக் காசெல்லாம் எங்க போச்சு அண்ணாச்சி?" பலசரக்குக் கடை உக்கிரபாண்டி எழுந்து நின்றார். "ரோட்டுல போட்டியளா, வயித்துல போட்டியளா?"

"எனக்கு சுகரு இருக்கு பாண்டி. வயித்துல எதையும் போட முடியாது."

கூட்டம் சிரித்தது. உக்கிரபாண்டி சிரிக்கவில்லை. "பூட்டுங்க அண்ணாச்சி. இங்க யாரு வாரா? பகல்ல வேலவெட்டி இல்லாத பயலுவ பெஞ்சுல படுத்துக் கெடக்கானுவ. அவனுவ தூங்கவா நம்ம காசு?"

"அதானே" என்றார்கள் இரண்டு மூன்று பேர்.

"சரி, பங்கு போடச் சம்மதம்னா கை தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. மலைச்சாமி போய்க் குழாயை அடைத்தார். அதன் பிறகு, புங்கமரத்தடியிலிருந்து ஒரு கை எழுந்தது.

"யாரும்மா அது? எந்த வீடு?"

"ராஜபாளையம்" என்றாள் ஜெயபாய்.

"ஏலே, அடுத்த முனிசிபாலிட்டியில இருந்துல்லா ஆள் வந்திருக்கு!" என்றது ஒரு குரல். "அங்க உள்ள பார்க்கையெல்லாம் ஆடு தின்னுட்டாக்கும்?" என்றது இன்னொன்று.

சிரிப்பு அடங்கும்வரை அவள் நின்றுகொண்டிருந்தாள். "எனக்கு ஒரு பங்கு போட்டுக்கிடுங்க அண்ணாச்சி. வேணும்னா ரெண்டு. மாசாமாசம் கொண்டாந்து தாரேன்."

"உள்ளூர்க்காரனே தரமாட்டேங்கான். நீ எதுக்குத் தாயி? போ, அடுத்த பஸ்ஸு வந்துரும்" என்றபடி உக்கிரபாண்டி வேட்டியைத் தட்டிக்கொண்டு கிளம்பினார். மற்றவர்களும் எழுந்தார்கள். பேசிக்கொண்டே கேட்டைத் தாண்டிப் போனார்கள்.

வைகுண்டராஜ் மட்டும் புங்கமரத்தடிக்கு வந்தார்.

"மலைச்சாமி உனக்குச் சொந்தமா?" குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அவன் பொழப்பு போயிருமேன்னு வந்தியா?"

"இல்ல அண்ணாச்சி. அவிய யாருன்னே எனக்குத் தெரியாது."

"புள்ளைகளை இங்க வெளாடக் கூட்டிட்டு வருவியோ?"

"நானே இன்னைக்குத்தான் இதுக்குள்ள கால் வைக்கேன்."

"உன் வீட்டுக்காரரு என்ன வேல பாக்காரு?"

அவள் குனிந்தாள். மரத்தடிப் பெஞ்சின் விளிம்பில் ஒரு துணுக்கு வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தது. அதை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினாள். கீழே போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இதைப் பூட்டிட்டா, காலையில வேலைக்குன்னு கெளம்புத அவிய எங்க போவாவ அண்ணாச்சி?"