சோதனைத் தாள்

“ரெண்டு கடையில காட்டிட்டேம்மா. வைஃபை கார்டு செத்துப்போச்சுங்கிறாங்க” என்று பூபதி சொன்னதும், அவர் வீட்டுக்குக் கணினி பழுதுபார்க்க வந்திருந்த அருள்மொழிக்குச் சிரிப்பு வந்தது. லினக்ஸ் கணினியில் கார்டு சாவதை அவள் பார்த்தது அபூர்வம். அதோடு பேசத் தெரிந்த டிரைவர் என்ற மென்பொருள்தான் காணாமல் போயிருக்கும்.

“அதெல்லாம் சாகல சார். பீரோவுல வைக்கிறதுக்கு முன்னாடி கடைசியா அப்டேட் பண்ணீங்கல்ல, அதுக்குப் பழைய டிரைவர் ஒத்துக்கல. அவ்ளோதான்.”

தன் போனைக் கேபிளில் மாட்டி இணையம் கொடுத்தாள். புதிய டிரைவரை இறக்கி, கணினியை அணைத்துப் போட்டாள். ஐந்து வருடம் பீரோவில் கிடந்த மடிக்கணினி, யாரும் எதையும் தட்டுவதற்கு முன்பே, பழகிய வைஃபை ஒன்றில் தானாகப் போய் ஒட்டிக்கொண்டது. ‘திலகா மாடி’ என்று திரையில் பெயர் வந்தது.

பூபதியின் முகம் இறுகியது. “மேல இருக்கிற என் தங்கச்சியோடது. பாகம் பிரிச்சதுலேருந்து பேச்சுவார்த்தை இல்ல. பாஸ்வேர்ட இன்னுமா மாத்தாம வச்சிருக்கா?”

ஒரு சோதனைத் தாள் அச்சடித்துப் பார்க்காமல் அருள்மொழி எந்த வேலையையும் முடிப்பதில்லை. பழக்கத்தில் விரல்கள் அதற்குள், கணினியில் முன்பே பதிந்திருந்த பிரிண்டருக்கு அதை அனுப்பிவிட்டிருந்தன.

“பிரிண்டர் எங்க சார் இருக்கு?”

பூபதி கூரையைப் பார்த்தார். மேலே கரகரவென்று ஏதோ சுழன்றது. அனுப்பியவர் என்று உச்சியில் பூபதியின் பெயரோடு ஒரு தாள் அங்கே வெளியே வந்துகொண்டிருக்கும். சத்தம் நின்றது. நாற்காலி நகர்ந்தது.

பூபதி அவசரமாகச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.