இரண்டு மணிக் கைதட்டல்

மணி இரண்டு அடித்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் கூச்சலும் கைதட்டலும் கிளம்பின. கணக்கு மிஸ் கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக ஒடிந்தது.

"ஆரம்பிச்சுட்டாங்க" என்று பல்லைக் கடித்தாள். அந்தப் பக்கம் மரவேலை மாஸ்டரின் அறை. வந்து ஆறு மாதம்கூட ஆகாத பையன். இவளோ பத்தொன்பது வருடமாக இதே கரும்பலகைக்கு முன்னால் நிற்பவள்.

புதிதாக வந்த தலைமையாசிரியை செய்த வேலை இது. மதியம் இரண்டு மணிக்கு மேல் பாடவேளையே கிடையாது. எந்த அறைக்குப் போவது, என்ன கற்றுக்கொள்வது, எல்லாம் பிள்ளைகள் இஷ்டம். சண்டை வந்தாலும் அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் தலையிடக் கூடாது.

முதல் நாள் இருபது பேர் இவள் அறைக்குள் முண்டியடித்துக்கொண்டு நுழைந்தார்கள். நாற்காலி ஒன்று சரிந்து விழுந்தது.

"இது என்ன சந்தையா? ஒவ்வொருத்தரா வாங்க!" என்று போட்ட அதட்டலில் அறை அடங்கியது. நாற்காலியை நிமிர்த்திவிட்டுத் திரும்பினால், ஒரே ஒரு பையன்தான் நின்றிருந்தான். மீதிப் பேர் அடுத்த அறைக்குப் போய்விட்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து தினமும் ஒரே ஒருவர். அதுவும் நேற்று வந்தவர் இன்று வருவதில்லை. ஒரு தடவை வந்தவர்கள் மறுபடி எட்டிப் பார்க்காத அளவுக்கா நாம் போய்விட்டோம் என்று அவளுக்கு மனது சுட்டது.

இன்று வந்தவள் முன்பல் விழுந்த ஒரு சிறுமி. ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"மிஸ், அந்த மரம் எவ்வளவு உயரம்னு ஏறாமலே கண்டுபிடிக்க முடியுமா?"

"முடியுமே. வா, வெளியே போலாம்."

ஒரு குச்சியை நட்டு அதன் நிழலை அளந்தார்கள். பிறகு மரத்தின் நிழலை அளந்தார்கள். விடை வந்ததும் சிறுமி குதித்த குதியில் இவளும் தன்னை மறந்து சிரித்துவிட்டாள். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

திரும்பும்போது மரவேலை மாஸ்டர் அறை வாசலில் நின்றிருந்தார். தலைமுடியெல்லாம் மரத்தூள்.

"உங்களைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு மிஸ்" என்றார்.

குத்திக் காட்டுகிறான்! இவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. "எனக்கு ஒரு உதவி செய்ங்க மாஸ்டர். சத்தம் வெளியே வராத மாதிரி உங்க ரூமுக்கு ஒரு கதவு செஞ்சு மாட்டுங்க" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்தாள்.

சாயங்காலம் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மிஸ். ஒரு பிள்ளைக்கு ஒரு ரூமான்னு நிர்வாகத்துல கேக்கறாங்க. இந்த மாசக் கடைசியில நடுச்சுவரை எடுத்துட்டு மரவேலைக்கே விட்டுடலாம்னு பேச்சு அடிபடுது. உங்களுக்கு ஆபீஸ்ல வேலை தர்றாங்களாம்."

கணக்கு மிஸ் வீட்டுக்குப் போனதும் காகிதத்தை எடுத்து உட்கார்ந்தாள். மரவேலை அறையில் படிப்பு என்பதே இல்லை, தினமும் இரண்டு மணிக்கு ஏதோ விளையாட்டுப் பந்தயம் நடக்கிறது, மாஸ்டர் வேடிக்கை பார்க்கிறார் என்று பக்கம் நிறைய எழுதினாள். எழுத எழுத வயிற்றெரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை.

மறுநாள் மதியம் தலைமையாசிரியை அதை இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மணி ரெண்டாகப் போகுது. வாங்க, நேர்லயே பாத்துடலாம்."

இருவரும் மரவேலை அறை வாசலுக்குப் போனபோது கூச்சல் உச்சத்தில் இருந்தது. மாஸ்டர் ஒரு மூலையில் தனியாகப் பலகை இழைத்துக்கொண்டிருந்தார். சுத்தியலையும் ஆணியையும் சீந்துவாரில்லை. பிள்ளைகள் எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பிஸ்கட் டின்.

"பாத்தீங்களா மேடம்?" என்றாள் கணக்கு மிஸ், குரலில் வெற்றி தொனிக்க. "நான் எழுதினதுல ஒரு வார்த்தையாவது பொய்யா?"

டின்னுக்குள் கைவிட்ட ஒரு பையன் சுருட்டிய காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தான். அதிலிருந்த பெயரை உரக்கப் படித்து முடிப்பதற்குள் பின்னல் போட்ட ஒரு பெண் துள்ளி எழுந்தாள். மற்றவர்கள் கைதட்டினார்கள். ஓரத்தில் இருந்த ஒரு குட்டிப் பெண் மட்டும் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பினாள்.

தலைமையாசிரியை அவள் பக்கத்தில் குனிந்தார். "ஏம்மா அழற? என்ன பந்தயம் இது? தோத்தா என்ன ஆகும்?"

"தோத்தா இங்கயே இருக்கணும் மேடம்" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒவ்வொருத்தராதான் வரணும்னு சொல்லிட்டாங்களே, ஒரு நாளைக்கு ஒருத்தர்தானே கணக்கு மிஸ்கிட்ட போக முடியும்?"