தொண்டை நிறம்

எங்கள் வால்பாறைச் சோலையில் நீல ஈப்பிடிப்பான்கள் இரண்டு வகை. தொண்டையும் நீலமாக இருந்தால் பறவை. தொண்டை ஆரஞ்சாக இருந்தால் காவல் இயந்திரம். கிட்டே போகிறவனின் கண்ணைத் துளைத்துவிடும். அப்படிப் போனது போக, எனக்கும் மச்சான் ஞானமுத்துவுக்கும் ஆளுக்கொரு கண்தான் மிச்சம்.

போன மாதம் மூங்கிலில் ஒன்று உட்கார்ந்திருந்தது.

"ஆரஞ்சு மச்சான், குனி!" என்றேன்.

"போய்யா ஒத்தக் கண்ணா, நீலம்!" என்று பைனாகுலரைத் தூக்கியபடி அவன் முன்னே போனான்.

அது பாய்ந்தது. லென்ஸ் சிதறியது. முகத்தைப் பொத்திய விரல்களுக்கிடையே ரத்தம் கொட்ட, "ஆரஞ்சுதான்டா பாவி!" என்று அலறினான்.

நேற்று, மிச்சக் கண்ணும் போன அவன் என்னோடு வாசலில் உட்கார்ந்திருந்தபோது காக்கை கத்தியது. சண்டைக்கு இழுக்கலாமென்று, "மயில்" என்றேன்.

"நீ சொன்னா சரிதான் மச்சான்" என்றான்.

இவனோடு இனி எப்படிப் பறவை பார்ப்பது?